தணிக்கை நோட்டின் பின்பக்கம்

2020 ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், முனியாண்டி கோயில் திண்ணையில் உட்கார்ந்து என் மனநலத்துக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொண்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த படிவம். 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. கடந்த ஒரு வாரத்தில் வாய் உலர்ந்துபோனதை உணர்ந்தீர்களா என்பது இரண்டாவது கேள்வி. வெயில் முதுகைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று போட்டேன்.

மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளப்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற அளவுகோல் அது. 1990களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. அதன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தண்ணீர்ப் போத்தல் காலி என்று எழுத அதில் இடமில்லை, அவ்வளவுதான். படிவத்தின் கடைசியில் பல்கலைக்கழகமே ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தது: இந்தக் கொரோனா நெருக்கடியை எப்படிச் சமாளிக்கிறீர்கள், ஐந்து வரிக்குள் எழுதவும். முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தபோதே இணையம் அறுந்தது. திரும்ப வந்தபோது 21 கேள்விகளும் காலியாக இருந்தன. விட்டுவிட்டேன். அந்த ஐந்து வரியைத்தான் இப்போது எழுதுகிறேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனியாண்டி இருப்பது எங்கள் தோட்டத்தின் கடைசி நிரையில், ஒரு மேட்டில். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம் உள்ளே வரவேண்டும். மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற ஊர். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடைத்தெருவைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோட்டம்தான். பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரங்கள் எல்லாம் போய் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. லயத்து வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. முக்கால்வாசி வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், எஞ்சியவற்றில் நாங்கள். செம்பனை ஓலை நாலு பக்கமும் கூரை போட்டதுபோல் மூடிக்கொண்டிருப்பதால் பள்ளத்தில் கைப்பேசிக்கு ஒரு கோடு விழுந்தால் அதிர்ஷ்டம். மேட்டில் இரண்டு, நல்ல நாளில் மூன்று.

ஆனால் அது முனியாண்டியின் இடம். உச்சி வேளையிலும் அந்தி சாயும் நேரத்திலும் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள சட்டம். என் வகுப்புகளோ சரியாக உச்சியிலும் அந்தியிலும்தான் வந்தன. பாட்டி ஒரு வெள்ளிக்கிழமை தேங்காயும் சுருட்டும் எடுத்துக்கொண்டு போய், "படிக்கிற பிள்ளை, நேரம் காலம் பார்க்க முடியாது, நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்" என்று அவரிடம் நேராகவே பேசி முடித்தார். அன்றிலிருந்து ஓங்கிய அரிவாளுக்குக் கீழே நானும், வேறு இரண்டு வீட்டுப் பையன்களும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்து பட்டப்படிப்புப் படித்தோம்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். மார்ச் 16ஆம் தேதி இரவு பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் இரண்டு வாரங்களுக்கு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று அறிவித்தபோது, நான் வடக்கே ஒரு பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். கணக்கியல், இரண்டாம் ஆண்டு. மறுநாள் பஸ் நிலையங்களில் மாணவர்கள் பெட்டியும் பையுமாக முண்டியடித்த படங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்துகொண்டே இருந்தன. அப்பாவைக் கூப்பிட்டேன். "அங்கே சோறு போடுகிறார்களா?" என்றார். போடுகிறார்கள் என்றேன். "அப்படியானால் அங்கேயே இரு" என்று வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் என்றது இரண்டு மாதத்தைத் தொட்டது. மூன்று வேளையும் பொட்டலச் சோறு. என் அறைத்தோழி கிளந்தான்காரி. ஏப்ரல் 24இல் நோன்பு தொடங்கியதும் விடியற்காலை நாலு மணிக்கு அவளுக்குப் பொட்டலம் வரும், எனக்கு எட்டு மணிக்கு. நாலு மணிக்குச் சூடாக வருவதை விட்டுவிட்டு எட்டு மணிக்கு ஆறிப்போனதை ஏன் தின்னவேண்டும் என்று நானும் அவளோடு எழுந்து உட்கார ஆரம்பித்தேன். அப்படியே பகலில் சாப்பிடுவதும் குறைந்துபோயிற்று. நோன்பு வைத்தேன் என்று சொல்ல முடியாது. சோம்பல் என்றுதான் சொல்லவேண்டும்.

மாலையில் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா அன்றைய தொற்று எண்ணிக்கையை வாசிப்பார். எங்கள் மாடியில் எட்டுப் பேர் அதை வைத்துப் பந்தயம் கட்டினோம். சரியான எண்ணுக்கு மிக அருகில் சொன்னவளுக்கு ஒரு மேகி பாக்கெட். இன்று நினைத்தால் கூசுகிறது, அவை மனிதர்களின் எண்ணிக்கை. அன்று அந்தப் பந்தயம் இல்லாவிட்டால் அந்த எண்ணை எங்களால் கேட்டிருக்கவே முடியாது. நான் மொத்தம் ஆறு பாக்கெட் ஜெயித்தேன்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். "சிக்கிக்கொண்ட மாணவர்கள்" என்று செய்தித்தாள் எங்களைத்தான் எழுதியது. ஆனால் படிப்பு என்று பார்த்தால் விடுதியில் சிக்கிய அந்த இரண்டு மாதமும் ராஜபோகம். மேசை இருந்தது, மின்விசிறி இருந்தது, இணையம் ஆறுபோல் ஓடியது. மனம் மட்டும்தான் தோட்டத்தில் கிடந்தது. ஏப்ரல் 27 முதல் மாணவர்களைக் கட்டம் கட்டமாக ஊருக்கு அனுப்பினார்கள். என் முறை மே மாதத்தில் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மனம் சரியானது, மற்ற மூன்றும் போயிற்று. மே மாதக் கடைசியில், டிசம்பர் 31 வரை பல்கலைக்கழக வகுப்புகள் இயங்கலையில், அதாவது இணையம் வழியாகத்தான் என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. அதற்கு முன்வரை ஏதோ நீண்ட விடுமுறை என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் படிக்கிறவர்கள் மூன்று பேர், கைப்பேசி இரண்டு. தங்கை ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் எழுதவேண்டியவள். அந்தத் தேர்வு தள்ளித் தள்ளி 2021 பிப்ரவரிக்குப் போனது. தம்பி ஆறாம் ஆண்டு. அவனுக்கான யுபிஎஸ்ஆர் தேர்வை ஏப்ரலிலேயே ரத்து செய்துவிட்டார்கள். அன்று மலேசியாவில் அவனைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருக்க முடியாது. அமைச்சரின் படத்தைப் பூசை மேசையில் வைக்கலாமா என்று கேட்டான்.

அம்மா தினக்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு கால அட்டவணை எழுதினார். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். பெரியவள் 8 – 10. சின்னவள் 10 – 12. பையன் 12 – 1. மறுபடி பெரியவள். அடியில், கோடு போட்டுத் தனியாக: அம்மா, இரவு 9 – 9.30. ஜொகூரில் கட்டிக்கொடுத்த தன் தங்கையோடு பேசுவதற்கு. வெளிக்காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து, சமைத்து, துவைத்து, இரவு ஒன்பது மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்து சித்தியோடு பேசுவார். பள்ளத்தில் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும், பாதி நேரம் "ஆ? ஆ?" என்பதிலேயே போகும்.

அந்த அட்டவணை அரிசி டின்னுக்கு மேலே ஆணியில் ஓராண்டுக்கும் மேலாகத் தொங்கியது. தங்கைக்குத் தேர்வு நெருங்கியபோது இரவில் கூடுதல் வகுப்பு வந்தது. அம்மாவின் வரியில் பேனாவால் ஒரு கோடு விழுந்திருந்ததை நான் பார்த்தது தேர்வு முடிந்து, தாளைக் கழற்றும்போதுதான். சித்தியோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தார் என்று கேட்டேன். "அவளுக்கும் வேலைதான்" என்றார்.

அப்பாவுக்கு வேறு அனுபவம். அப்பா பழம் வெட்டுகிறவர், முப்பது ஆண்டாக. தோட்ட வேலை தொடரலாம் என்று அரசாங்கம் அனுமதித்ததால், அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் முத்திரை குத்திய கடிதம் கொடுத்தார்கள்: இவர் அத்தியாவசியத் துறையின் பணியாளர், சாலைத் தடுப்பில் இவரை அனுமதிக்கவும். பட்டணத்துக்குப் போகும் சாலையில் போலீசும் இராணுவமும் நின்றன. அப்பா அந்தக் கடிதத்தை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். "அத்தியாவசியம்" என்று யாரும் அவரை அதற்கு முன் அழைத்ததில்லை. கட்டுப்பாடு தளர்ந்து கடிதம் தேவைப்படாத பிறகும் பல மாதங்கள் அது பையிலேயே இருந்தது. துவைக்கும்போது அம்மா எடுத்து வைப்பார், காலையில் அவர் திரும்பப் போட்டுக்கொள்வார்.

பாட்டிக்கு இதெல்லாம் பழைய கதை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அதில் ஒன்று எல்பில் தோட்டம், இன்றும் இருக்கிறது. பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று பால் வெட்டப் போகிறவர்கள் கையில் சோறு எடுத்துப் போகக்கூடாது. வாசலில் தடவிப் பார்ப்பார்களாம். என் கொள்ளுப்பாட்டி வெறும் வயிற்றோடு வெட்டி முடித்துவிட்டு வந்துதான் கஞ்சி குடிப்பார். பத்துக் கிலோமீட்டருக்குள்தான் போகலாம், வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம் என்று 2020இல் சொன்னபோது பாட்டி கேட்ட ஒரே கேள்வி, "சோறு எடுத்துப் போக விடுகிறார்களா?" விடுகிறார்கள் என்றதும் கதை முடிந்தது என்பதுபோல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

எனக்கு அப்படி முடியவில்லை. இரவில் தூக்கம் வராது. செம்பனைக்குள் ஏதாவது ஒரு ஓலை விழும் சத்தம் கேட்கும், எழுந்து உட்காருவேன். படிப்புத் தவணை போய்விடும், கடன் நிற்கும், பட்டம் வராது என்று மனதுக்குள் ஒரே ஓட்டம். பிடிபிடிஎன் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டுகிறவர்களுக்குக் கெடு தள்ளிக் கொடுத்தார்கள், மாணவர்களுக்கு 200 வெள்ளி, அதாவது ரிங்கிட், வந்தது. வந்த வேகத்தில் தரவுக்குப் போனது. பகலில் தினமும் 1 ஜிபி இலவசமாகக் கிடைத்ததும் உண்மை. ஆனால் தரவு இருந்து என்ன, அதை இறக்குவதற்குக் கோபுரம் வேண்டுமே.

அந்த ஜூன் மாதத்தில்தான் சபாவில் ஒரு மாணவி இணையம் கிடைக்க மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்துத் தேர்வு எழுதிய காணொளி நாடு முழுக்கப் பரவியது. பலர் பாராட்டினார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள். எங்கள் மேட்டில் இருந்த மூன்று பேரும் அதை மூன்று முறை பார்த்தோம். இரண்டு கோடு வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். பக்கத்தில் இருந்த பையன், "அவளுக்கு மரம், நமக்கு முனியாண்டி" என்றான்.

என் தணிக்கைத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு. மூன்று மணி நேரம். படக்கருவியை அணைக்கக்கூடாது, வேறு ஆள் தெரியக்கூடாது, முடிந்ததும் பதினைந்து நிமிடத்துக்குள் விடைத்தாளைப் படம் எடுத்து ஏற்றவேண்டும். இரண்டே முக்காலுக்கு மழை. மேட்டில் கூரை என்று இருப்பது முனியாண்டி தலைக்கு மேல் மட்டும்தான். காகிதத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். பின்னால் தடதடவென்று சத்தம். வெட்டு முடிந்து வந்த அப்பா, மழையைப் பார்த்ததும் நீலக் கித்தானை எடுத்துக்கொண்டு மேடேறி வந்திருக்கிறார். இரண்டு முனையை சூலத்திலும், ஒரு முனையைச் செம்பனை மட்டையிலும் கட்டினார். நாலாவது முனைக்குக் கட்ட எதுவும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரையில் ஒரு செய்தி வந்தது: உங்கள் பின்னால் நிற்பவர் யார்? அப்பா என்று தட்டினேன். அவர் விலகவேண்டும். மழை என்று தட்டினேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். விஷயத்தைச் சொல்லாமலே புரிந்துகொண்டார். உறையிலிருந்து தோட்டத்துக் கடிதத்தை எடுத்துக் காட்டவா என்று சைகையில் கேட்டார். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பிறகு கித்தானின் முனையில் கயிற்றை நீட்டிக் கட்டி, படக்கருவியின் பார்வைக்கு வெளியே பத்தடி தள்ளிப் போய், மழையில் நின்றுகொண்டு கயிற்றை இழுத்துப் பிடித்தார். ஐந்து மணி வரை. அந்தத் தாளில் ஒரு கேள்வி, ஒரு நிறுவனத்தின் உள் கட்டுப்பாட்டில் உள்ள ஓட்டைகளைச் சுட்டிக்காட்டவேண்டும். நான்கு எழுதினேன்.

மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி 1984இல் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சொன்ன பாகுபாடு இன்றும் பாடமாக இருக்கிறது. பிரச்சினையை நேராகப் பிடித்துத் தீர்ப்பது ஒரு வழி. தீர்க்க முடியாதபோது மனத்தைச் சரிசெய்துகொள்வது இன்னொரு வழி. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களைப் பற்றி வந்த ஆய்வுகள் பலவும் இந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் கேட்டன: நீ என்ன செய்தாய்? பாகுபாடு சரியானதுதான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையை எதில் போடுவது? பிரச்சினையைப் பிடித்தவர் அப்பா, மதிப்பெண் எனக்கு. அம்மாவின் அரை மணி நேரம், பாட்டி முனியாண்டியிடம் பேசி வாங்கிய அனுமதி, இவற்றுக்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. "நான் சமாளித்தேன்" என்று எழுதினால் கணக்கியலில் அதை மோசடி என்போம்: அடுத்தவர் செலவை என் வரவில் காட்டுவது.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். தணிக்கைப் பாடத்துக்காக வாங்கிய நீல அட்டை நோட்டு. முன்பக்கத்தில் விரிவுரைக் குறிப்பு.

முதலில் வந்தவர் ஆயாக்கொட்டகைப் பாட்டி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா வேலைக்குப் போன நேரத்தில் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். பட்டணத்துப் பேரங்காடி வாசலில் கைப்பேசியைக் காட்டு என்றார்களாம். இல்லையென்றால் பெயரையும் எண்ணையும் எழுது என்றார்களாம். அவருக்கு இரண்டும் இல்லை. பேரனின் பழைய கைப்பேசியைக் கொண்டுவந்து, "இதில் அந்த மைசெஜாத்ராவைப் போடு" என்றார். கடைக்குள் நுழைவதைப் பதியும் அரசுச் செயலி அது. போட்டேன். கடவுச்சொல் கேட்டது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, எனக்கும் அவசரத்தில் ஒன்றும் தோன்றவில்லை, என் மாணவர் எண்ணையே போட்டேன். மறந்துவிடாமலிருக்க நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் வரிசை. உதவித்தொகை விண்ணப்பம், அது நிராகரிக்கப்பட்டால் முறையீடு, பிறகு தடுப்பூசிப் பதிவு. எல்லாம் மலாயில், எல்லாம் திரையில், எல்லாவற்றுக்கும் ஒரு கடவுச்சொல். முன்பு தோட்டத்தில் எழுத்து வேலை என்றால் கிராணிதான். பாட்டி காலத்தில் கிராணி முன்னால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுத்தான் நிற்பார்கள். இப்போது கிராணி, கைலி கட்டிக்கொண்டு முனியாண்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "எங்கள் கிராணி அம்மா" என்று கேலி செய்தார்கள். கூலியாக முருங்கைக்காய், முட்டை, ஒரு தடவை உயிர்க்கோழி.

அந்த நாள்களில் எனக்குத் தூக்கம் வந்தது. இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மூச்சுப் பயிற்சிக் காணொளி பார்த்திருக்கிறேன், பல்கலைக்கழக ஆலோசகரோடு ஒரு முறை பேசியும் இருக்கிறேன். அவர் நல்ல மனிதர். ஆனால் நாலு பேருடைய விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்த இரவுதான் படுத்ததும் கண் சொருகும்.

பிறகு, ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடித்து வைக்கும் சேமநிதி வந்தது. எங்கள் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து வெளியே போய் ஹோட்டலிலும் உணவகத்திலும் பஸ்ஸிலும் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மூன்று வீடு தள்ளி இருந்த மாமா ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரவு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். மாநிலம் தாண்டக்கூடாது என்றபோது முதலில் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. எல்லோரும் அவரை பஸ் மாமா என்போம். நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து, ஓடாத பஸ்ஸின் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டிருப்பார்.

ஐ-லெஸ்தாரி திட்டத்தில் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்கலாம். பன்னிரண்டு மாதம், 6,000. நான்தான் விண்ணப்பித்தேன். 2020 டிசம்பரில் ஐ-சினார் வந்தது, அவர் நிலையில் உள்ளவர்களுக்கு 10,000 வரை. 2021 ஜூலையில் ஐ-சித்ரா, 5,000. நோட்டின் முன்பக்கத்தில் அந்த வாரம்தான் கூட்டு வட்டி எழுதியிருந்தேன். ஐ-சினாருக்கு வந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, இது உங்கள் வயதான காலத்துக் காசு, அங்கேயே கிடந்தால் வளரும்" என்றேன். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டும் காட்டினேன். முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். "அந்த வயதுக்கு முதலில் போய்ச் சேரவேண்டும் அல்லவா, பாப்பா?" என்றார். பொத்தானை அழுத்தினேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. உதவியா செய்தேன்? ஊரின் முதுமையை ஒவ்வொரு வீடாக, என் விரலால் கரைத்தேனா? அடுத்த ஆண்டு சிறப்பு மீட்பு என்று இன்னொரு 10,000. நான்கு திட்டங்களிலும் சேர்த்து நாடு முழுக்க மக்கள் எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி என்று பின்னால் படித்தேன். அதில் ஒரு சிறு துளி எங்கள் மேட்டிலிருந்து போனது, நோட்டில் கணக்கு இருக்கிறது. இன்றுவரை எனக்கு இதற்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

மேட்டில் மூன்று பேர் என்றேன். 2021இல் இரண்டு பேர் ஆனோம். "நமக்கு முனியாண்டி" என்று சொன்ன பையன் பொறியியல் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தான். பட்டறைப் பயிற்சியை எப்படித் திரையில் செய்வது? அண்ணனுக்கு வேலை போனதும் பொட்டலம் பட்டுவாடா செய்யும் வேலையில் சேர்ந்தான். படிப்பை விட்டதும் பல்கலைக்கழக மின்னஞ்சல் அடைபட்டது. மனநலப் படிவம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதனால் மாணவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்ற கேள்வி அவனிடம் போகவே இல்லை. தாக்குப்பிடித்தவர்களிடம் மட்டும் கேட்டு, எல்லோரும் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள் என்று எழுதினால் அது என்ன கணக்கு?

அந்த ஆண்டின் நடுப்பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அதில் நின்று எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்லை. ஜூன் 1 முதல் முழு முடக்கம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பட்டணத்துத் தாமானில் (குடியிருப்பில்) துணி பறந்ததை அப்பா பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அந்த எண்ணுக்கு யாரும் பந்தயம் கட்டவில்லை. லயத்தில் ஒன்பது வீட்டில் வந்தது, எங்கள் வீட்டிலும். அப்பாவின் கையில் தனிமைப்படுத்தலுக்கான கைப்பட்டை கட்டினார்கள். பிழைத்தார். பழம் வெட்டும்போது இன்றைக்கும் பத்து மரத்துக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறார்.

ஆயாக்கொட்டகைப் பாட்டி பிழைக்கவில்லை. அதற்கு முன்பே, மே மாதத்தில், ஈப்போவில் இறந்தார். அவருடைய மைசெஜாத்ராவுக்கு முதல் ஊசிக்கான தேதி வந்திருந்ததை அன்று காலை மேட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். நோட்டில் முதல் வரி அவருடையது. அடிக்கவில்லை.

2022இல் பட்டம் வாங்கினேன். இப்போது ஈப்போவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அடுத்தவர் கடவுச்சொல்லை ஒருவர் வைத்திருக்கக்கூடாது என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனால் நோட்டும் கூடவே போகும். வரிசை முன்போல் இல்லை, ஆனாலும் யாராவது வருவார்கள்.

போன மாதம் பஸ் மாமா வந்தார். மாநில எல்லை 2021 அக்டோபரில் திறந்ததிலிருந்து மறுபடியும் ஓட்டுகிறார், வேறு முதலாளியிடம். 55 வயது முடிந்துவிட்டது. சேமநிதிக் கணக்கைப் பார்க்கவேண்டும், கடவுச்சொல் என்ன என்றார். என் மாணவர் எண்ணைச் சொல்லிக் கணக்கைத் திறந்து கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"அப்போது எடுத்ததை எடுக்காமல் இருந்தால்?"

அவர் கேட்காமலே நான் ஒரு காலத்தில் போட்டுக் காட்டிய கணக்கு. இப்போது அவர் கேட்கும்போது சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். மொத்தம் எடுத்தது 31,000. ஒரு பேச்சுக்கு, 2021 தொடக்கத்தில் எடுத்த அந்தப் 10,000ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தந்த ஆண்டு லாப ஈவு 6.10, 5.35, 5.50, 6.30 விழுக்காடு, 2024 முடிவில் ஏறக்குறைய 12,500 ஆகியிருக்கும்.

"இரண்டாயிரத்து ஐந்நூறு" என்றார். மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். "மகள் அப்போது நான்காம் படிவம். நிற்காமல் படித்தாள்" என்றார். எனக்குச் சொன்ன பதிலா, தனக்குச் சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

பிறகு கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொன்னார், தனக்கு மறக்காததாக. என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு பஸ்ஸின் எண்ணைச் சொன்னார், 2020 மார்ச்சில் கொண்டுபோய் நிறுத்திய பஸ். நான் தட்டத் தொடங்கியதும், "நீ பார்க்காதே" என்று கைப்பேசியை வாங்கி, ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தானே தட்டினார்.

நோட்டைத் திருப்பி அவர் வரியை அடித்தேன். இன்னும் 26 பேர் இருக்கிறார்கள்.